ஒரு கைக்கு அடங்கிய துப்பாக்கி

வால்பாறைக்கு மேலே வரையாடு பார்க்க ஒருமுறை ஏறினேன். தோளில் தொங்கிய கேமராவும் நீள லென்சும் சேர்ந்து மூன்றரைக் கிலோ இருக்கும். முதல் ஒரு மணி நேரம் அந்தப் பாரமே தெரியவில்லை. இரண்டாவது மணியில் வாரைத் தோள் மாற்றிப் போட்டேன். மூன்றாவது மணியில் ஒரு திட்டின் உச்சிக்கு வந்தபோது எதிரே பாறை விளிம்பில் கிடா நின்றது. எனக்கு மூச்சு இரைத்தது, கை நடுங்கியது. கேமராவைத் தூக்கி நிலைநிறுத்துவதற்குள் அது விளிம்பைத் தாண்டி இறங்கிவிட்டது. அன்று நான் எடுத்த படத்தில் புல்லும் மேகமும்தான் இருக்கின்றன.

வீடு திரும்பியதும், ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிச் சென்ற ஜிம் கார்பெட் எழுதி, தி.ஜ.ர. தமிழில் தந்த ‘குமாயுன் புலிகள்’ புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பள்ளி நாட்களில் அதைப் புலிகளுக்காகப் படித்தவன். இந்த முறை கார்பெட்டின் கையில் என்ன இருந்தது என்று பார்த்துக்கொண்டே படித்தேன். ஐம்பது வயதைக் கடந்த ஒரு மனிதர் குமாயுனின் இமயமலைச் சரிவுகளில் நாள் முழுக்க நடக்கிறார். அப்படி நடப்பவர் எதைத் தூக்கிக்கொண்டு போவார்? மலையில் அந்தக் கேள்விக்குத் தவறான விடை சொன்னால் என்ன ஆகும் என்று என் தோளுக்குத் தெரிந்திருந்தது. அவர் வைத்திருந்த விடை ஒரு துப்பாக்கி. அது ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடை கொண்ட .275 ரிக்பி. அது வந்த வழி ஜெர்மனியில் தொடங்குகிறது.

துப்பாக்கிக்கு முன்னால் பிறந்தது தோட்டா. கருங்காட்டுப் பகுதியில், நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் ஓபெர்ன்டார்ஃப். அங்கே பட்டறை வைத்திருந்தவர் பால் மௌசர். 1880களின் நடுவில் பிரான்சில் பால் வியேய் என்ற வேதியியலாளர் புகையற்ற வெடிமருந்தைக் கண்டுபிடித்திருந்தார். அதுவரை உலகத்துப் படைகள் எல்லாம் கருமருந்தை நம்பியிருந்தன. ஒரு வேட்டு போட்டால் முகத்துக்கு முன்னால் வெள்ளைத் திரை எழும். சுட்டவனுக்கு இலக்கு மறையும், எதிரிக்குச் சுட்டவன் இருக்குமிடம் தெரிந்துவிடும். புதிய மருந்தில் புகை அநேகமாக இல்லை, வேகமோ மிக அதிகம். வேகம் கிடைத்தபின் கட்டைவிரல் பருமனில் ஈயக் குண்டு எதற்கு? பென்சில் போல் ஒல்லியாகவும் நீளமாகவும் ஒரு குண்டு போதும்.

மௌசர் 1892ல் வடிவமைத்த தோட்டாவின் குண்டு 7 மில்லிமீட்டர் அளவு, பித்தளைக் கூடு 57 மில்லிமீட்டர் நீளம். குண்டின் எடை 11.2 கிராம், குழலை விட்டுக் கிளம்பும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 700 மீட்டர். இந்த எண்கள் இன்றைக்கு யாரையும் அசத்தாது. இதைவிட வேகமான, வலுவான தோட்டாக்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் இந்த ஒன்றில் ஏதோ ஓர் அளவு சரியாக விழுந்துவிட்டது. ஒல்லியாக நீண்ட குண்டு, தன் எடை முழுவதையும் ஒரு சிறு புள்ளியின் பின்னால் வைத்துக்கொண்டு போகிறது. கோணி ஊசி சாக்கில் இறங்குவதைப் போல ஆழமாக இறங்கும். அதே நேரத்தில் மருந்து அளவாக இருப்பதால் சுடுபவனின் தோளில் விழும் உதையும் அளவானது.

உதையைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், மலைத் துப்பாக்கியின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. சுமக்க எளிதாக வேண்டும் என்றால் துப்பாக்கியின் எடையைக் குறைக்க வேண்டும். எடையைக் குறைத்தால் அதே தோட்டா முன்னைவிட வலுவாக உதைக்கும். வலுவாக உதைக்கும் துப்பாக்கியைப் பிடித்தவன் வேட்டுக்கு முந்தைய கணத்தில் தன்னையறியாமல் கண்ணை இறுக்குவான், தோளைப் பின்னிழுப்பான், குண்டு தவறும். ஆகவே துப்பாக்கியை மட்டும் இலேசாக்கிவிட முடியாது. தோட்டாவும் அதற்கேற்றபடி அடக்கமாக இருக்க வேண்டும், ஆனால் விலங்கைத் துன்புறவிடாமல் வீழ்த்தும் அளவுக்கு ஆழம் போகவும் வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்றையொன்று எதிர்த் திசையில் இழுக்கின்றன. மௌசர் இந்தக் கணக்கை மலை வேட்டைக்காகப் போடவில்லை. போர்வீரன் நூறு தோட்டாவைச் சுமந்து நடக்க வேண்டும் என்று போட்டார். நடப்பவனுக்காகப் போட்ட கணக்கு என்பதால் பின்னாளில் மலைக்கும் பொருந்தியது.

1893ல் ஸ்பெயின் படை இந்தத் தோட்டாவையும் இதற்கான மௌசர் துப்பாக்கியையும் ஏற்றுக்கொண்டது. 1898 ஜூலை 1ஆம் தேதி கியூபாவில் சான் ஹுவான் குன்றுகளில் அமெரிக்கப் படை ஏறியபோது மேலே இருந்த ஸ்பானியர்கள் கையில் அதுதான் இருந்தது. ஏறியவர்களில் ஒரு பகுதியினரிடம் பழைய கருமருந்துத் துப்பாக்கிகள். அன்று ஒரே நாளில் அமெரிக்கத் தரப்பில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். குன்று விழுந்தது, போரையும் அமெரிக்கா வென்றது. ஆனால் அதன்பிறகு அவர்கள் தங்கள் படைக்குச் செய்துகொண்ட 1903ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் மௌசரின் நுட்பங்கள் இருந்ததால் 2,00,000 டாலர் உரிமத்தொகை கொடுக்க வேண்டியிருந்தது.

கியூபாவுக்கு அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் போர். டிரான்ஸ்வாலின் போயர் விவசாயிகள் இதே 7 மில்லிமீட்டர் மௌசரை ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்திருந்தார்கள். சிறு வயது முதலே மான் வேட்டையில் கண் பழகியவர்கள் அவர்கள். 1899 டிசம்பர் 15ல் கொலன்சோவிலும், 1900 ஜனவரியில் ஸ்பியான் கோப் மலையிலும் பிரிட்டிஷ் படை பெரும் அடி வாங்கியது. கண்ணுக்குத் தெரியாத தொலைவிலிருந்து, புகையே இல்லாமல் குண்டு வந்தது. அந்தக் களங்களிலிருந்து காயம்பட்டவர்களைத் தூளிகளில் சுமந்து வெளியேற்றிய ஓர் இந்தியக் கூட்டம் உண்டு. காந்தி நேட்டாலில் திரட்டிய, ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட மருத்துவத் தொண்டர் படை அது. அதில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள், சென்னையில் கப்பலேறிய தமிழர்களும் அவர்களில் உண்டு. இந்தத் தோட்டாவின் கதையில் தமிழர்கள் வரும் இடம் அதுதான். அது செய்த காயங்களைத் தோளில் சுமந்து மைல்கணக்கில் நடந்தார்கள். வேட்டை நூல்கள் எழுதும் யாரும் அவர்களைச் சொல்வதில்லை. நான் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

காயங்களைப் பற்றியும் ஒரு விஷயம். முழுக்க உலோக உறை போட்ட இந்த ஒல்லிக் குண்டு, எலும்பில் படாவிட்டால் நேராகத் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விடும். அப்படிப்பட்ட காயங்கள் விரைவில் ஆறுவதைக் களத்து மருத்துவர்கள் வியப்புடன் கவனித்தார்கள். போரில் இதை இரக்கம் என்று கூடச் சொன்னார்கள். வேட்டையில் இதுவே கொடுமை. துளை மட்டும் பட்ட மான் மைல்கணக்கில் ஓடி, எங்கோ புதரில் நாள்கணக்கில் கிடந்து சாகும். அதனால் வேட்டைக்காரர்களுக்கு அதே குண்டை நுனி உறை இல்லாமல், மென்மையான ஈயம் வெளியே தெரியும்படி செய்து கொடுத்தார்கள். உடலில் பட்டதும் நுனி காளான் போல் விரியும், விலங்கு அங்கேயே விழும். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் படைக்கலச் சாலையில் செய்த இத்தகைய குண்டுகள் அந்த ஊர்ப் பெயராலேயே உலகமெங்கும் அறியப்பட்டன. 1899ல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் போரில் இவற்றைத் தடை செய்தன. மனிதனைச் சுடக்கூடாத குண்டு, மானைச் சுடுவதற்கு ஒழுக்கமானது ஆயிற்று. இரண்டு விதிக்கும் அடியில் இருப்பது வலியைக் குறைக்கும் அக்கறைதான்.

இனி லண்டன். டப்ளினில் தொடங்கிய பழைய துப்பாக்கிக் குடும்பம் ரிக்பி. அதன் மூன்றாம் தலைமுறை ஜான் ரிக்பி, 1887 முதல் 1894 வரை என்ஃபீல்டில் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலைக்குக் கண்காணிப்பாளராக இருந்தார். பிரிட்டிஷ் படையின் .303 துப்பாக்கி அவர் காலத்தில் அங்கே உருவானது. பதவி முடிந்து தன் லண்டன் கடைக்குத் திரும்பிய அவர் 1898ல் மௌசரின் விற்பனை உரிமையைப் பிரிட்டனுக்காகப் பெற்றார். ஓபெர்ன்டார்ஃபிலிருந்து இயக்கப் பகுதி வரும். அதாவது தோட்டா ஏறி இறங்கும் எஃகு உடலும், பூட்டித் திறக்கும் போல்ட்டும். ரிக்பியின் ஆட்கள் அதற்குக் குழலும் வால்நட் கட்டையும் பொருத்தி, எடையை இழைத்து, குறி பார்த்துக் கொடுப்பார்கள்.

தோட்டாவுக்கு ஆங்கிலப் பெயர் வேண்டியிருந்தது. 7 மில்லிமீட்டரை அங்குலத்தில் சொன்னால் .275 சொச்சம். ஆகவே ‘.275 ரிக்பி’. எதிரிப் படையின் தோட்டா இப்படிப் பெயர் மாற்றிக்கொண்டு ஆங்கிலேயக் கனவான்களின் பீரோவுக்குள் வந்தது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஸ்பியான் கோப்பில் அது என்ன செய்தது என்று பிரிட்டிஷாருக்கு நன்றாகத் தெரியும். நல்ல கருவி என்று அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் போயர்கள்தான். ரிக்பி குண்டின் எடையையும் ஒன்பது கிராமாகக் குறைத்து வேகத்தைக் கூட்டினார். மலைக்கு அது மிகவும் உதவியது. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நிற்கும் ஆட்டுக்கு எத்தனை கஜம் என்று கண்ணால் சொல்வது கடினம். குண்டு வேகமாகப் போனால் அதன் பாதை தட்டையாக இருக்கும், தொலைவை ஐம்பது கஜம் தப்பாகக் கணித்தாலும் அடி அதிகம் விலகாது.

மலையில் இன்னொரு கண்கட்டும் உண்டு. மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டு குறிக்கு மேலேதான் போகும். புதியவர்கள் கீழே சுடும்போது குண்டு தாழும் என்று நினைத்து உயர்த்திப் பிடிப்பார்கள், ஆட்டின் முதுகுக்கு மேலே கல் தெறிக்கும். பூமியின் இழுப்பு குண்டின் மேல் வேலை செய்வது கிடைமட்டத் தொலைவைப் பொறுத்து. 45 பாகைச் சரிவில் 200 கஜம் தள்ளி நிற்கும் விலங்குக்குக் கிடைமட்டத் தொலைவு 140 கஜம் சொச்சம்தான். அந்த 140க்குத்தான் குறி வைக்க வேண்டும். இதை அட்டவணை பார்த்துப் படித்தவர்களும் உண்டு. பிள்ளைப் பருவம் முதல் சரிவுகளில் திரிந்து கையாலேயே கற்றவர்களும் உண்டு.

அப்படிக் கற்றவர் கார்பெட். நைனிதாலில் 1875ல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி, பறவைகளைச் சேகரித்து எழுதிக்கொண்டிருந்த ஓர் உறவினர் கொடுத்த பழைய இரட்டைக்குழல். அதில் ஒரு குழல் வெடித்துப் பிளந்திருந்தது, கட்டையையும் குழலையும் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. ஒரு குழலை மட்டும் நம்பி, ஒரே வேட்டில் காரியம் முடிய வேண்டும் என்ற கட்டுப்பாட்டில் அவர் காடு பழகினார்.

1907ல் சம்பாவத் பெண்புலியைத் தேடி வந்தபோது கார்பெட் முப்பதைத் தாண்டியிருந்தார். நேபாளத்திலும் குமாயுனிலுமாக 436 பேரைக் கொன்றதாகப் பதிவான புலி அது. பாலி என்ற கிராமத்து மக்களுக்கு இந்தப் புதிய ஆளின் மேல் நம்பிக்கை பிறக்கவில்லை. செங்குத்தான புல்சரிவில் மேயும் கோரல் ஒன்றை அடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். கோரல் என்பது நம் வரையாட்டுக்குத் தூரத்து உறவு, இமயத்தின் சிறிய மலையாடு. கார்பெட்டின் கையில் இருந்தது கருமருந்துக் காலத்து மார்ட்டினி-ஹென்றி. குறி தவறாது, ஆனால் உதை பொல்லாதது. ஏறத்தாழ 200 கஜத்தில் மூன்று கோரல்களை வீழ்த்தினார். கறி கிடைத்த பிறகுதான் ஊர் அவரோடு நடந்தது.

புலிக்கு அவர் எடுத்துப் போனது வேறொரு துப்பாக்கி, கனமான .500 இரட்டைக்குழல். அதற்கு அவரிடம் மூன்றே தோட்டா. மூன்றும் தீர்ந்தும் புலி விழாமல் நிற்க, ஓடிப் போய்த் தாசில்தாரின் ஓட்டைத் துப்பாக்கியைப் பிடுங்கி வந்து சுட்டார். இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் .275 இதுவரை குமாயுன் கதைக்குள் வரவில்லை.

ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட், சம்பாவத் புலியைக் கொன்றதற்கு அங்கீகாரமாகக் கார்பெட்டுக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசாகக் கொடுத்தார். அதுதான் ரிக்பி செய்த .275. கட்டையில் ஒரு வெள்ளித் தகடு. கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், சம்பாவத் பெண்புலி, 1907ஆம் ஆண்டு எல்லாம் அதில் பொறித்திருக்கிறது. இப்படிக் கொடுக்கும் பரிசுகள் வழக்கமாகச் சுவரில் தொங்கும். ராஜாக்கள் வீட்டிலும் ஆட்சியர் பங்களாக்களிலும் வெள்ளித் தகடு பொருத்திய துப்பாக்கிகள் எண்ணெய்கூடக் காணாமல் கிடந்திருக்கின்றன. கார்பெட் இதைக் காட்டுக்கு எடுத்துப் போனார். ஒருவர் ஒரு பரிசுக்குச் செய்யும் மிகப் பெரிய மரியாதை அதைப் பயன்படுத்துவது என்று நான் நம்புகிறேன்.

அதே காலத்தில் ஆப்பிரிக்காவில் இதே வகைத் துப்பாக்கி வேறு கையில் இருந்தது. எடின்பரோவைச் சேர்ந்த டபிள்யூ. டி. எம். பெல் தந்தத்துக்காக 1,011 யானைகளைக் கொன்றவர், அவற்றில் 800க்கும் மேல் 7 மில்லிமீட்டர் ரிக்பி-மௌசரால். அந்த எண்ணை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. யானை வேட்டைக்கு ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட பெரும் துப்பாக்கிகளே ஏற்றவை என்று எல்லோரும் சொன்ன நாள் அது. பெல் யானையின் மண்டையை அறுத்துப் பார்த்து, மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்று படித்துக்கொண்டார். ஆழம் போகும் உறைக்குண்டு அங்கே போய்ச் சேர்ந்தால் பெரிய குண்டு தேவைப்படவில்லை. மௌசரின் போல்ட்டில் இருக்கும் நீண்ட எஃகுக் கொக்கி தோட்டாவின் அடிவிளிம்பைக் கவ்விப் பிடித்தபடியே உள்ளே தள்ளும், காலிக் கூட்டை அதே பிடியில் வெளியே இழுக்கும். சேற்றிலும் வெயிலிலும் அது ஏமாற்றுவதில்லை. பெல்லைப் பார்த்துச் சிறு துப்பாக்கியோடு யானைக்கு முன்னால் போய் நின்ற பலர், அவருடைய உடற்கூற்று அறிவைக் கொண்டுபோகவில்லை. காயம்பட்ட யானைகளும் மிதிபட்ட மனிதர்களும் அதன் விலை.

குமாயுனில் கதை வேறு. கார்பெட்டிடம் .450/400 ஜெஃப்ரி இரட்டைக்குழலும் இருந்தது. அந்த வகை ஏறத்தாழ ஐந்து கிலோ, பாயும் புலியை நிறுத்தும் வலு அதற்கு உண்டு. புலிக்கு அதுதான் சரி என்று எந்தக் கையேடும் சொல்லும். ஆட்கொல்லியைத் தேடுவது என்றால், வேட்டு போடும் ஒரு வினாடிக்கு முன்னால் நூறு மணி நேர நடை இருக்கிறது. ஊருக்கு ஊர் எட்டாயிரம் அடி முகடு ஏறி இறங்க வேண்டும், கூழாங்கல் ஓடையில் தவழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் எந்தப் புதரிலிருந்தும் புலி வரலாம் என்ற பயத்தோடு. களைத்த கையில் இருக்கும் பெரிய துப்பாக்கியைவிட, களைக்காத கையில் இருக்கும் சின்னத் துப்பாக்கி பெரியது.

சௌகட் பெண்புலி நந்தௌர் பள்ளத்தாக்கைச் சுற்றிய மலைக் கிராமங்களில் அலைந்த ஆட்கொல்லி. அதுவும் அதன் வளர்ந்த குட்டியும் சேர்ந்து கொன்றதாக அரசுப் பதிவில் 64 பேர். ஓராண்டுக்கு மேல் கார்பெட் அதன் பின்னால் அலைந்தார். 1930 ஏப்ரல் 11ஆம் தேதி காலா அகர் முகட்டுக்குக் கீழே, கட்டியிருந்த எருமையைப் புலி கொன்ற இடத்திலிருந்து இரண்டு ஆட்களோடு ஓர் ஓடைக்குள் இறங்கினார். வழியில் ஒரு பக்கிக் குருவி எழுந்து பறந்தது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் இரண்டு முட்டைகள், வழக்கத்துக்கு மாறான வடிவம். பிள்ளைப் பருவத்திலிருந்து முட்டை சேர்த்தவருக்கு அவற்றை விட்டுப்போக மனம் வரவில்லை. கொஞ்சம் பாசியில் பொதிந்து இடது கையில் எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்த மனிதரைப் பாருங்கள். வயது 54. ஓடையில் ஆட்கொல்லி இருக்கிறது என்று தெரியும். இடது கையில் உடையக்கூடிய முட்டைகள். வலது கையில், மார்புக்குக் குறுக்கே, பாதுகாப்புக் கொக்கி விலக்கிய .275. பெரிய கற்பலகைப் பாறை ஒன்றைச் சுற்றி வந்து வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தால், எட்டடித் தொலைவில், படுத்த நிலையில், நேருக்கு நேராகப் புலியின் முகம்.

துப்பாக்கியின் வாய் புலிக்கு எதிர்த் திசையில் இருந்தது. அதை முக்கால் வட்டம் சுற்றிக் கொண்டுவர வேண்டும், ஒற்றைக் கையால், வேகம் காட்டாமல். வேகமாக அசைந்தால் புலி பாயும். மெதுவாக, அசைவே தெரியாதபடி, கையை நீட்டி வாயைச் சுழற்றினார். நீட்டிய கையில் எடை எத்தனை மடங்காகும் என்று குடத்தைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புலி அவர் கண்ணிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. வாய் அதன் உடலுக்கு நேராக வந்ததும் விசையை இழுத்தார். குண்டு முதுகெலும்பைத் தாக்கி, இதயத்தின் மேல்பகுதியைச் சிதைத்திருந்தது. புலி பாய ஆயத்தமாக இருந்தபடியே ஒரு கணம் இருந்து, மெல்லத் தலையைக் கால்கள் மேல் சாய்த்தது.

பின்னால் இதை எழுதும்போது கார்பெட், மற்றவர்கள் தனக்குப் பாதகம் என்று நினைக்கும் மூன்று விஷயங்கள் உண்மையில் தன்னைக் காப்பாற்றின என்று கணக்குச் சொல்கிறார். கையில் இருந்த முட்டைகள், இலேசான துப்பாக்கி, புலி ஆட்கொல்லியாக இருந்தது. இரண்டு கையும் துப்பாக்கியில் இருந்திருந்தால் சட்டென்று திரும்பியிருப்பார், புலி மேலே விழுந்திருக்கும். கையில் கனமான துப்பாக்கி இருந்திருந்தால் ஒற்றைக் கையால் அந்த முக்கால் வட்டம் சுற்றியிருக்க முடியாது. எந்தத் துப்பாக்கிக் கடைக்காரரின் விவரப் புத்தகத்திலும் இப்படியொரு சோதனை இருக்காது. எனக்குத் தெரிந்து ஒரு மலைத் துப்பாக்கிக்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்து அவர் செய்தது. திரும்பிப் போகும் வழியில் அந்த முட்டைகளை எடுத்த இடத்திலேயே வைத்தார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது தாய்ப்பறவை மறுபடியும் அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தது.

அதே ஆண்டுகளில் கார்பெட் துப்பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் எடுத்த புலிப் படங்கள் 1927ல் புத்தகமாக வந்திருந்தன. அவை கார்பெட்டை மாற்றின. சினிமாக் கேமராவோடு புலிகளைத் தேடிப் போகத் தொடங்கினார். 1936ல் ராம்கங்கை ஆற்றங்கரைக் காடு இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஆனதில் அவர் பங்கு உண்டு. 1944ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் பம்பாய்க் கிளை அவருடைய கதைகளை வெளியிட்டது. போரில் பார்வை இழந்த இந்தியச் சிப்பாய்களின் இல்லத்துக்கு முதல் பதிப்பின் உரிமைத்தொகையைக் கொடுத்தார்.

1947 நவம்பரில் அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போனார். நியேரியில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவலுக்காகக் கட்டிய சின்ன வீட்டில் தங்கினார். 1955 ஏப்ரல் 19ல் காலமானார். துப்பாக்கி அவருடைய பதிப்பாளர்களான ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்திடம் சேர்ந்தது. அதன் பெருமையை உலகத்துக்குச் சொன்ன புத்தகங்களை அச்சிட்டவர்களிடமே பல பத்தாண்டுகள் அமைதியாக இருந்தது.

இதற்கிடையில் அது நடந்த காடுகளின் சட்டம் மாறியது. 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரல் 1ல் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தை அரசு தொடங்கியது அந்த ராம்கங்கைக் காட்டில்தான். அதற்குள் அந்தப் பூங்காவுக்குக் கார்பெட்டின் பெயர் வைத்தாயிற்று. நீலகிரியிலும் இப்படித்தான். வரையாட்டைக் கணக்கில்லாமல் சுட்டுத் தீர்த்த துரைமார்களே பயந்துபோய் 1879ல் வேட்டைக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள். கோரலும் வரையாடும் இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பதற்கு அந்த வரிசையில் வந்த சட்டங்களும் காரணம். இலேசான துப்பாக்கியைப் பற்றி இத்தனை அன்போடு எழுதும் நான், அதைத் தூக்கிக்கொண்டு இன்று ஒருவர் நம் மலையில் ஏறுவதை விரும்பமாட்டேன்.

2013ல் ரிக்பி நிறுவனம் கைமாறி, மௌசர் நிறுவனத்தையும் வைத்திருக்கும் அதே குழுமத்தின் கீழ் வந்தது. முதல் உலகப் போருக்கு முன்பு பிரிந்த இரண்டு பட்டறைகள் நூறாண்டு கழித்து ஒரு கூரைக்குள் சேர்ந்தன. ரிக்பி மறுபடியும் மௌசர் இயக்கத்தில் .275 செய்யத் தொடங்கியது. ஸ்காட்லாந்து மலைகளில் செம்மான் பின்னால் நடப்பவர்கள் இன்றும் அதை விரும்பி வாங்குகிறார்கள். கார்பெட்டின் துப்பாக்கியையும் நிறுவனம் பதிப்பகத்திடமிருந்து வாங்கிக்கொண்டது. வரிசை எண் 2516. செய்த கடைக்கே திரும்பி வந்துவிட்டது.

2016ல் அதை ஒருமுறை குமாயுனுக்குக் கொண்டுவந்தார்கள். காலாதுங்கியில் கார்பெட் குளிர்காலத்தில் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். பக்கத்தில் அவர் நிலம் வாங்கிக் குடியானவர்களுக்குக் கொடுத்த சோட்டி ஹல்த்வானி கிராமம். காட்டுப்பன்றிகள் வராதபடி ஊரைச் சுற்றி அவர் எழுப்பிய கல்சுவர் இன்னும் நிற்கிறது. அந்த ஊர்க்காரர்கள் துப்பாக்கியைப் பார்த்தார்கள்.

நான் அதன் படங்களைத்தான் பார்த்திருக்கிறேன். வால்நட் கட்டை பல இடங்களில் கருத்து, கை பட்ட பக்கம் வழவழப்பாகியிருக்கிறது. வெள்ளித் தகட்டில் எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. அதில் இருக்கும் பெயர் சம்பாவத், இந்தத் துப்பாக்கி ஒருநாளும் சுடாத புலியின் ஊர். சௌகட்டின் பெயர் எங்கும் இல்லை.